சம்பளச் சீட்டில் பென்ஷன் என்று ஒரு வரி: புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் எல்லோர் கண்ணும் போவது கடைசி வரிக்குத்தான். கைக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால் போதும். அதற்கு மேலே, பிடித்தங்களின் வரிசையில், பென்ஷன் என்றோ ஓய்வூதியப் பங்களிப்பு என்றோ ஒரு தொகை இருக்கும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல்தான் வருகிறது. அதற்குள் எளிதாகச் சரிசெய்திருக்கக்கூடிய பல விஷயங்களுக்குக் கெடு முடிந்துபோயிருக்கும்.

ஆசிரியர் பென்ஷன் விதிகள் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை எங்கும் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடும். அந்த வகையைப் பிடித்துக்கொண்டால் உங்கள் திட்டத்தின் கையேட்டை யார் உதவியும் இல்லாமல் படிக்கலாம். கீழே உதாரணத்துக்குப் பல நாட்டுத் திட்டங்கள் வருகின்றன. உங்களுடையது அதில் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டிய கேள்விகள் அதே கேள்விகள்தான்.

1. திட்டம் எந்த ரகம்?

திட்டம் உங்களுக்கு எதை உறுதி சொல்கிறது என்று பாருங்கள். கடைசியில் வரப்போகும் பென்ஷனையா, மாதாமாதம் போடப்படும் பணத்தையா?

முதல் ரகத்தில் ஒரு சூத்திரம் இருக்கும். இத்தனை ஆண்டு வேலை, இவ்வளவு சம்பளம், ஆகவே சாகும்வரை மாதம் இவ்வளவு. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொகையைக் கொடுப்பது திட்டத்தின் பொறுப்பு. இதை வரையறுத்த பலன் திட்டம் என்பார்கள். இரண்டாவது ரகத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கும். நீங்களும் நிர்வாகமும் அதில் பணம் போடுகிறீர்கள், அது முதலீடாகிறது, ஓய்வு பெறும் நாளில் அதில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. இது வரையறுத்த பங்களிப்புத் திட்டம். சந்தை விழுந்தால் இழப்பு உங்களுடையது.

எந்த ரகம் என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது பணியில் சேர்ந்த தேதிதான். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ அரசுப் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தார்கள். மத்திய அரசுப் பணியில் அந்தக் கோடு 2004 ஜனவரி 1. ஒரே பள்ளியில் ஒரே பாடம் நடத்தும் இருவரில், கோட்டுக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன், பின்னால் சேர்ந்தவருக்குக் கணக்கில் சேரும் பணம் என்று பிரிந்தது இப்படித்தான். கலிபோர்னியாவின் ஆசிரியர் திட்டமான கால்ஸ்டர்ஸில் 2013 ஜனவரி 1 ஒரு கோடு. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 60 வயதைக் கணக்கில் வைத்த சூத்திரம், பின் சேர்ந்தவர்களுக்கு 62.

இரண்டும் கலந்த திட்டங்களும் உண்டு. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் பங்களிப்பும் இருக்கிறது, 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்ற உறுதியும் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை: நியமன ஆணையை எடுத்து, திட்டத்தின் பெயரையும் சேர்ந்த தேதியையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். சக ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் சொல்வது அவருடைய திட்டமாக இருக்கும்.

2. சூத்திரத்தைக் கையால் போட்டுப் பாருங்கள்

வரையறுத்த பலன் திட்டம் என்றால் கேட்க வேண்டியவை இரண்டு. ஓராண்டு வேலைக்குச் சம்பளத்தில் எத்தனை பங்கு பென்ஷனாகச் சேர்கிறது? எந்தச் சம்பளத்தில்?

கனடாவின் ஒன்டாரியோ ஆசிரியர் திட்டத்தில் ஆண்டுக்கு 2 சதவீதம், அதிகம் வாங்கிய ஐந்து ஆண்டுகளின் சராசரிச் சம்பளத்தில். 30 ஆண்டு என்றால் 60 சதவீதம். 65 வயதில் நாட்டின் பொது ஓய்வூதியம் தொடங்குவதை ஒட்டி அதில் ஒரு பகுதி குறையும்.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆசிரியர்களுக்கான திட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் வேறு வழியில் போகிறது. அங்கே ஒவ்வோர் ஆண்டுச் சம்பளத்திலும் 57-ல் ஒரு பங்கு அந்த ஆண்டின் பென்ஷன். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஓர் ஆண்டில் 57,000 சம்பாதித்தால் அந்த ஓர் ஆண்டு வேலைக்காக, ஓய்வுக்குப் பிறகு ஆண்டுக்கு 1,000 என்று எழுதிவைக்கிறார்கள். பணியில் இருக்கும்வரை அந்த 1,000 ஒவ்வோர் ஆண்டும் விலைவாசி உயர்வோடு 1.6 சதவீதம் சேர்த்து ஏறும். விலைவாசி 2 சதவீதம் ஏறினால் அடுத்த ஆண்டு அது 1,036. இப்படியே பத்து ஆண்டு போனால் சுமார் 1,424. அதற்கிடையில் ஒவ்வோர் ஆண்டும் புதிய துண்டு ஒன்று சேர்ந்துகொண்டே வரும். எல்லாத் துண்டுகளின் கூட்டுத்தொகைதான் பென்ஷன்.

இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாடு பதவி உயர்வில் தெரியும். கடைசிச் சம்பளத்தை வைத்து, ஆண்டுக்கு 60-ல் ஒரு பங்கு கொடுக்கும் திட்டம் ஒன்று என்று வையுங்கள். 30 ஆண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்தில் பாதி. கடைசிச் சம்பளம் 60,000 என்றால் பென்ஷன் 30,000. ஓய்வுக்குச் சற்று முன்னால் தலைமையாசிரியராகி 80,000 வாங்கினால் பென்ஷன் 40,000. கடைசியில் வந்த உயர்வு முப்பது ஆண்டுக்கும் சேர்த்துப் பலன் தருகிறது. ஆண்டுதோறும் துண்டு சேரும் முறையில் அந்த உயர்வு அந்தச் சில ஆண்டுத் துண்டுகளை மட்டுமே பெரிதாக்கும். பதிலாக, வகுப்பறையிலேயே கடைசிவரை இருப்பவரும், நடுவில் பகுதிநேரத்துக்கு மாறியவரும் இந்த முறையில் பெரிதாக அடிபடுவதில்லை. எது நல்லது என்று ஆசிரியர் அறையில் நடக்கும் வாதத்துக்கு முடிவே கிடையாது. என்னைக் கேட்டால், சம்பளம் மெதுவாகச் சீராக ஏறுகிறவருக்கு இரண்டாவது முறையில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

3. 'சம்பளம்' என்றால் எந்தச் சம்பளம்?

பென்ஷன் கணக்கில் வரும் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் ஒன்றாக இருப்பது அரிது. வீட்டு வாடகைப்படி, தேர்வுத்தாள் திருத்தியதற்கான பணம், விடுமுறைச் சிறப்பு வகுப்புப் பணம் போன்றவை பெரும்பாலும் கணக்கில் வராது. சில தனியார் பள்ளிகள் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து மீதியைப் படிகளாகக் கொடுக்கும். மொத்தச் சம்பளம் பார்க்க நன்றாக இருக்கும், பென்ஷன் பங்கு மெலிந்திருக்கும். வேலைக்குச் சேரும்முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்தியத் தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இருப்பது வருங்கால வைப்பு நிதியோடு ஒட்டிய ஊழியர் ஓய்வூதியத் திட்டம். அதன் சூத்திரம்: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 ஆண்டு என்றால் பாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் அதை 15,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த வரம்பில் 35 ஆண்டுக்கு வருவது மாதம் 7,500 ரூபாய். கையில் 50,000 வாங்குகிறவருக்கும் இதே கணக்குதான். இந்த ரகத்தில் இருப்பவர்கள் பென்ஷனை நம்பி மற்ற சேமிப்பை விட்டுவிடக் கூடாது.

பணிக்காலத்திலும் இதே கவனம் வேண்டும். ஒப்பந்த ஆசிரியராக, மணிக்கணக்குச் சம்பளத்தில் இருந்த காலம் சேருமா? ஊதியமில்லா விடுப்பு எவ்வளவு கழியும்? மகப்பேறு விடுப்பு முழுதாகச் சேருமா? கையேட்டில் 'தகுதியான பணிக்காலம்' என்ற தலைப்பில் பதில் இருக்கும். விட்டுப்போன காலத்தைப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளப் பல திட்டங்கள் இடம் தருகின்றன. ஆண்டுகள் போகப்போக அந்தச் செலவு ஏறும். விடுப்பு முடிந்து திரும்பியவுடன் விசாரிப்பதே மலிவு.

4. பிடித்தம் வலிக்கிறது என்று வெளியேறாதீர்கள்

1905-ல் ஆண்ட்ரூ கார்னெகி ஒரு கோடி டாலர் கொடுத்து, அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இலவசப் பென்ஷன் ஏற்பாடு செய்தார். அவ்வளவு பெரிய பணமும் வாக்குறுதிக்குப் போதாது என்று சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. 1918-ல் ஆசிரியரும் கல்லூரியும் சேர்ந்து பணம் கட்டும் டி.ஐ.ஏ.ஏ. என்ற அமைப்பு வந்தது. சம்பளத்தில் பிடிக்கிறார்களே என்று தோன்றும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம்.

பிடித்தத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். நிர்வாகம் போடும் பங்கு சம்பளச் சீட்டில் பல நேரம் தெரியவே தெரியாது. இங்கிலாந்துத் திட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் பள்ளி கட்டுவது நிர்வாகச் செலவு உட்படச் சம்பளத்தில் 28.68 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் வேலை கொடுப்பவர் போட வேண்டிய குறைந்தபட்சம் 12 சதவீதம். இந்தியாவில் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் மத்திய அரசு ஊழியருக்கு அரசு 14 சதவீதம் போடுகிறது, ஊழியர் 10. நீங்கள் வெளியேறினால் உங்கள் பிடித்தம் கைக்கு வரும், வரி போக. நிர்வாகத்தின் பங்கு உங்களுக்கு வராது. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் கூடவே போய்விடும்.

இன்னொன்று: இந்தப் பங்கின் சுமை தாங்காமல் இங்கிலாந்தின் தனியார் பள்ளிகள் பல ஆசிரியர் திட்டத்திலிருந்து விலகிவிட்டன. பள்ளி மாறும்போது சம்பளம் இரண்டாயிரம் கூடுகிறது என்று மட்டும் பார்த்தால், பின்னால் இழந்த பென்ஷன் பங்கு தெரியாமல் போகலாம்.

5. கணக்கில் பணம் சேரும் ரகமா? இரண்டு எண்கள் போதும்

ஒன்று, எத்தனை ஆண்டு. ஆண்டுக்கு 7 சதவீத வளர்ச்சி என்று வைத்தால், 25 வயதில் போட்ட 100 உங்கள் 65-ல் சுமார் 1,500 ஆகும். 35 வயதில் போட்ட 100 சுமார் 760 தான்.

இரண்டு, கட்டணம். அதே 7 சதவீதத்தில் நிதி நிர்வாகக் கட்டணமாக 1 சதவீதம் போனால் அந்த 1,500 சுமார் 1,030 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு ஓசைப்படாமல் போய்விடுகிறது. சேர்ந்த முதல் மாதமே பணம் எந்த முதலீட்டில் போகிறது, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் திட்டமே ஒன்றில் போட்டுவிடும். அது மோசம் என்றில்லை, எதில் என்று தெரிந்திருக்க வேண்டும்.

6. எத்தனை ஆண்டு இருந்தால் பென்ஷன் உங்களுடையது?

குறைந்தபட்சப் பணிக்காலம் முடியும்முன் வேலையை விட்டால் பெரும்பாலும் நீங்கள் கட்டியது மட்டுமே திரும்ப வரும். இங்கிலாந்தில் இது 2 ஆண்டு, கலிபோர்னியாவில் 5, இந்தியாவின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 10, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2011 முதல் சேர்ந்த ஆசிரியர்களுக்கும் 10. ஒன்பதரை ஆண்டில் ராஜினாமா கடிதம் எழுதுகிறவர் ஒரு நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வேறு பள்ளிக்கோ வேறு துறைக்கோ மாறினால் பழைய உரிமையைப் புதிய திட்டத்துக்கு மாற்றலாமா என்று உடனே கேளுங்கள். இங்கிலாந்தில் ஒரு பொதுத்துறைத் திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாதகமான விதியில் மாற்ற, புதிதில் சேர்ந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கிச் செலவழிப்பதுதான் எங்கும் வேலை மாறுகிறவர்கள் முதலில் யோசிப்பது. சிறிய தொகையாகத் தெரிந்தாலும் அதோடு பணியாண்டுகளும் போய்விடும்.

7. ஆண்டு அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பென்ஷன் என்பது கடைசியில் ஒரு பதிவேட்டில் இருக்கும் எண்களின் கணக்கு. பதிவில் இல்லாத ஆண்டு நடக்காத ஆண்டுதான். நீங்கள் எத்தனை பிள்ளைகளைத் தேர்வில் ஏற்றிவிட்டீர்கள் என்பது அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது.

ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கை வரும், அல்லது இணையத்தில் நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். மேலிருந்து கீழாகப் போங்கள். பெயரின் எழுத்துகள் சான்றிதழில் உள்ளபடி இருக்கின்றனவா? முதலெழுத்து ஒரு ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பது நம்மவர்களுக்கு வழக்கமான தலைவலி. பிறந்த தேதி சரியா? சேர்ந்த தேதி நியமன ஆணையோடு ஒத்துப்போகிறதா? அப்புறம் ஆண்டுவாரியாகச் சம்பளம். பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளைக் கூட்டி, பிடித்த தொகையும் வரவு வைத்த தொகையும் ஒன்றா என்று பாருங்கள். பள்ளி மாறிய ஆண்டு, விடுப்பில் இருந்த ஆண்டு, சம்பளத் திருத்தம் நிலுவையோடு வந்த ஆண்டு. பிழைகள் கூடுகட்டுவது இந்த மூன்றில்தான். சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் ஏறாமல் இருப்பதும் நடக்கிற விஷயமே. கண்டுபிடித்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். விதிகள் பின்னோக்கியும் மாறும். இங்கிலாந்தில் 2015 மாற்றத்தின்போது வயதில் மூத்தவர்களை மட்டும் பழைய திட்டத்தில் விட்டுவைத்தது வயதுப் பாகுபாடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதனால் பாதிக்கப்பட்டவர்கள் 2015 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான ஏழு ஆண்டுக்குப் பழைய கணக்கா புதிய கணக்கா என்று ஓய்வின்போது தேர்ந்தெடுக்கலாம். ஏழு ஆண்டுச் சம்பள விவரம் கையில் இருப்பவருக்கு அந்தத் தேர்வு எளிது.

8. நாமினி

அரை மணி நேர வேலை. சேர்ந்தபோது பெற்றோர் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். திருமணம், பிள்ளைப்பேறு, மணமுறிவு, இறப்பு என்று எது நடந்தாலும் படிவத்தை மாற்றுங்கள். குடும்ப ஓய்வூதியம் யாருக்கு, பிள்ளைகளுக்கு எந்த வயதுவரை, மணமாகாமல் சேர்ந்து வாழும் துணைக்கு உண்டா என்பதை விதிகள் தனியாகச் சொல்லும். மொத்தத் தொகைக்கு மட்டும் நாமினி என்பதும் பல திட்டங்களில் உண்டு.

9. மொத்தமாக வாங்குவதா, முன்கூட்டியே போவதா

ஓய்வின்போது பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தப் பணமாக வாங்கலாம். இங்கிலாந்தில் ஆண்டுப் பென்ஷனில் 1 விட்டால் கைக்கு 12. அதாவது பன்னிரண்டு ஆண்டு உயிரோடு இருந்தால் சமம், அதற்கு மேல் விட்டவருக்கு நஷ்டம். விலைவாசி உயர்வையும் சேர்த்தால் அந்தக் கோடு இன்னும் முன்னாலேயே வந்துவிடும். இந்திய மத்திய அரசின் பழைய பென்ஷனில் 40 சதவீதம் வரை இப்படித் தொகுத்துப் பெறலாம். 15 ஆண்டு கழித்து முழுப் பென்ஷன் திரும்பிவிடும். கடன் இருப்பவருக்கும் உடல்நிலை மோசமானவருக்கும் மொத்தப் பணம் சரி. மகன் கேட்கிறான், மருமகன் கேட்கிறார் என்பதற்காக என்றால் ஒரு மாதம் தள்ளிப்போட்டு யோசியுங்கள்.

குறித்த வயதுக்கு முன் பென்ஷன் எடுத்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் சில சதவீதம் நிரந்தரமாகக் குறையும். ஒன்டாரியோவில் வயதும் பணியாண்டும் சேர்ந்து 85 ஆனால் குறைப்பு இல்லை. உங்கள் திட்டத்திலும் அப்படி ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டு பொறுத்தால் பெரிய வித்தியாசம் வரக்கூடிய இடம் இது.

10. இருபது ஆண்டு கழித்து அதன் மதிப்பு என்ன?

இந்தியப் பழைய பென்ஷனில் அகவிலைப்படி சேரும். இங்கிலாந்தில் ஒவ்வோர் ஏப்ரலிலும் விலைவாசிக்கு ஏற்ப உயரும். கலிபோர்னியாவில் ஆண்டுக்கு 2 சதவீதம், அதுவும் முதல் பென்ஷன் தொகையில் மட்டும், கூட்டுவட்டி கிடையாது. அங்கே 100 இருபது ஆண்டில் 140 ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் அதே காலத்தில் 100-க்கு வாங்கியது 180 ஆகியிருக்கும். அதனால்தான் அங்கே வாங்கும் சக்தி 85 சதவீதத்துக்குக் கீழே போனால் ஈடுகட்டத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கணக்கில் சேர்ந்த பணத்தை வைத்து ஆன்னுவிட்டி (மொத்தப் பணம் கட்டி, மாதாமாதம் வருமானம் பெறும் ஏற்பாடு) வாங்குகிறவர்கள், அது ஆண்டுதோறும் ஏறுமா ஏறாதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஏறாத ஆன்னுவிட்டி முதல் மாதம் பெரிதாகத் தெரியும்.

நாட்டின் பொது ஓய்வூதியம் கூடவே வருமா என்பதையும் பாருங்கள். கலிபோர்னியா ஆசிரியர்கள் இந்த வேலைக்காக அமெரிக்காவின் பொது ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்குப் பணம் கட்டுவதில்லை, ஆகவே இந்த வேலையின் பேரில் அங்கிருந்து எதுவும் வராது. வேறு வேலையில் கட்டியிருந்தால் அதிலும் வெட்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த வெட்டை 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டம்தான் நீக்கியது.

11. விண்ணப்பம்

ஓய்வு வயது வந்துவிட்டது என்பதற்காகப் பென்ஷன் தானாக வந்து வங்கியில் விழாது. பல திட்டங்களில் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், சில மாதம் முன்னதாக. இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறதே என்று நினைத்தாலும் ஒரு கோப்பை இப்போதே தொடங்கிவிடலாம். நியமன ஆணை, பணி வரன்முறை ஆணை, பதவி உயர்வு ஆணைகள், விடுப்பு ஆணைகள், ஆண்டு அறிக்கைகள், நாமினி படிவ நகல். கடைசிப் பள்ளியில் கடன் பாக்கி இல்லை என்ற சான்றும், நூலகப் புத்தகங்களும் ஆய்வகப் பொருள்களும் ஒப்படைத்த ரசீதும் கேட்பார்கள். பொறுப்பு ஒப்படைக்கும் நாளிலேயே கையெழுத்து வாங்கி அதே கோப்பில் வையுங்கள். வாங்கிய தலைமையாசிரியர் மாற்றலாகிப் போன பிறகு அந்த ஒரு கையெழுத்துக்காக அலைவதுதான் பெரிய வேலை.